கொள்பையின் இலக்கணம்

ஆயிரத்தொரு இரவுகள் என்னும் அரபுக் கதைக் கொத்தில் வரும் மீனவன் கதையைக் கேளாதார் அரியர். வறுமையில் உழலும் மீனவன் ஒருவனின் வலையில் பித்தளைக் குடம் ஒன்று சிக்குகிறது. அதன் வாய் ஈயத்தால் அடைக்கப்பட்டு, நபி சுலைமான் (அலை) அவர்களின் முத்திரை அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடைப்பை அகற்றியதும் உள்ளிருந்து புகை எழுகிறது. எழுந்த புகை வானளாவிய ஜின்னாகத் திரண்டு, விடுதலை செய்தவனையே கொல்லப்போவதாக மிரட்டுகிறது. மீனவன் அஞ்சினான், ஆயினும் அறிவிழந்தானல்லன். ஒரு கையோ காலோகூடக் கொள்ளாத இச்சிறு குடத்துள் இத்தனை பெரிய உடல் எவ்வாறு அடங்கியிருந்தது எனக் கேட்டு, கண்ணால் கண்டாலன்றி நம்புவதற்கில்லை என்கிறான். செருக்குற்ற ஜின் மீண்டும் குடத்துள் புகுந்து காட்ட, மீனவன் மூடியை அடைத்துவிடுகிறான்.

இதனைத் தந்திரக் கதையாகப் படிப்பதே வழக்கம். ஆயின் மீனவன் தொடுத்த வினாவைத் தனியே பிரித்து நோக்கின், அஃது ஓர் அளவை வினா என்பது புலனாகும். சிறியதனுள் பெரியது எங்ஙனம் அடங்கும்? கதை இதற்கு விடை பகரவில்லை. விடை பகர்வது அதன் கடமையுமன்று. இவ்வினாவை எடுத்துக்கொண்டு, பவுண்டுக் கணக்கிலும் கனஅடிக் கணக்கிலும் விடையெழுதத் துணிந்தோர் 1970களில் அமெரிக்காவில் தோன்றினர். அவர்கள் புலவர்களல்லர், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய ஆட்டக்காரர்கள். அவர்கள் வகுத்த விதிகளுள் மாயக் கொள்கலங்களைப் பற்றியவை எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், கதையிலக்கியம் பயில்வோர்க்கு அவற்றால் விளையும் பயன் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டமும் களமும்

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும், மின்னசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னசனும் இணைந்து ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம், 1974ஆம் ஆண்டு மூன்று சிறு நூல்களாக ஒரே பெட்டியில் வெளிவந்தது. நிலவறைகளும், டிராகன் எனப்படும் நெருப்புமிழ் பறவை நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். சதுரங்கம் போன்று இதற்குக் கட்டம் வரைந்த பலகை இன்றியமையாததன்று. ஒருவர் நடுவராக அமர்ந்து, இருண்ட நிலவறையையும் அதன் வழிகளையும் அங்குள்ள அரக்கரையும் செல்வத்தையும் சொல்லால் விரித்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு மாந்தராகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு, தாம் செய்வது இன்னதென வாயால் உரைப்பர். செயல் கைகூடுமா என்பதைப் பல முகங்கொண்ட பகடை தீர்மானிக்கும். கூத்துக்கும் கணக்குக்கும் பிறந்த குழந்தை என்று இதனைக் கூறலாம்.

'ரோல் பிளேயிங்' என்று அவர்கள் வழங்குவதை நாம் 'பாத்திர ஆட்டம்' என மொழிபெயர்க்கலாம். நாடக மாந்தரையும் பாத்திரம் என்கிறோம். உண்கலத்தையும் பாத்திரம் என்கிறோம். ஒருவன் தான் அல்லாத ஒன்றைத் தன்னுள் ஏற்றுக்கொள்வதும், ஒரு கலம் தான் அல்லாத ஒன்றைத் தன்னுள் ஏற்றுக்கொள்வதும் நம் மொழியில் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த நயம் வாய்க்கவில்லை.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். சூனியத் தொழில் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாயிற்றே, மாயப் பைகளைப் பற்றி நம் மாணாக்கர் படிப்பது தகுமா என வினவலாம். இதே ஐயம் அமெரிக்கக் கிறித்தவக் குடும்பங்களிலும் எழுந்ததுண்டு. 1983இல் அவ்வாட்டத்தை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பும் அங்குத் தோன்றியது. இவ்வாட்டத்தில் எவரும் மந்திரம் ஓதுவதில்லை; மாயம் எனப்படுவது முழுவதும் தாளில் எழுதிய எண்களே. பகடை உருட்டலைப் பற்றிய தீர்ப்பை உலமாப் பெருமக்களிடமே விட்டுவிடுகிறேன். ஆடச் சொல்வது என் கருத்தன்று. மீனவன் கதையைப் படிப்பதுபோல் இவ்விதி நூல்களையும் கற்பனை இலக்கியத்தின் ஒரு கிளையாகப் படிக்கலாம் என்பதே நான் சொல்ல வருவது.

எடை என்னும் அறம்

தொடக்கக் காலத்து ஆட்டத்தின் உயிர்நிலை வாள்வீச்சில் இல்லை, சுமையில் இருந்தது. அரக்கனைக் கொல்வதால் கிடைக்கும் தேர்ச்சிப் புள்ளிகள் சிலவே. நிலவறையிலிருந்து மீட்டுக் கொணரும் பொன்னின் மதிப்பே பெரும்பாலும் ஆட்டக்காரரின் தேர்ச்சியாகக் கணக்கிடப்பட்டது. பொன்னைக் கண்டால் மட்டும் போதாது. வெளியே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆகவே ஒரு மனிதன் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு 1974ஆம் ஆண்டு நூலே அளவு வகுத்தது. பொற்காசு ஒன்றின் எடையே அலகு. 750 காசு எடை வரை சுமப்பவன் விரைந்து நடப்பான். 1,000 ஆனால் நடை தளரும். 1,500 ஆனால் மேலும் தளரும். 3,000 என்பது உச்ச வரம்பு, அதற்குமேல் சுமக்கலாகாது.

இவ்வெண்களைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விளக்குக்கு எண்ணெயும், இறங்குவதற்குக் கயிறும், உண்பதற்கு உணவும், காத்துக்கொள்ளக் கவசமும் எடையுள்ளவை. பொன்னை மிகுதியாக எடுத்தால் இவற்றுள் ஒன்றை விட்டுவர வேண்டும். எல்லாவற்றையும் சுமந்தால் துரத்தி வருவோரிடம் அகப்பட நேரும். அடிபட்ட தோழன் ஒருவன் வீழ்ந்துகிடந்தால் அவனுக்கும் எடை உண்டு. அவனைத் தூக்குவதா, பொன் மூட்டையைத் தூக்குவதா? எந்த விதி நூலும் இதற்கு விடை சொல்லவில்லை. ஆனால் எடைக் கணக்கு அவ்வினாவை மேசைமேல் வைத்துவிடுகிறது. பாலைவழிச் செல்லும் வணிகக் கூட்டத்தார்க்கும் ஒட்டகத்தின் முதுகு இதே வினாவை எழுப்பியிருத்தல் கூடும்.

இத்தகைய களத்தில்தான் மாயப் பை நுழைகிறது. 'பேக் ஆஃப் ஹோல்டிங்' என்பது அதன் பெயர். அதனைக் 'கொள்பை' என்று தமிழாக்குகிறேன். கொண்ட பை, கொள்கின்ற பை, கொள்ளும் பை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாய் என்பதற்கு இலக்கணம் சொல்லிச் சலித்த மாணவர்கள் இதனையும் ஓர் எடுத்துக்காட்டாக எழுதிக்கொள்ளலாம்.

1974ஆம் ஆண்டு நூல் இக்கொள்பையைப் பற்றிச் சொல்வது மிகச் சுருக்கமானது. சாக்கு அளவுள்ள அப்பை 10,000 பொற்காசுகளைக் கொள்ளும். ஆனால் 300 காசுகளின் எடையே அதற்கு உண்டு. 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி உயரம் வரையுள்ள பொருளையும் அதனுள் திணிக்கலாம். அப்போது எடை 600 காசுகளாகும். இவ்வளவே. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். 10,000 காசுகளைக் கையால் தூக்குவதற்கு, உச்ச வரம்பு வரை சுமந்து தள்ளாடும் நால்வர் வேண்டும். கொள்பை உடைய ஒருவனோ அதே செல்வத்தைத் தோளிலிட்டு, நடை சிறிதும் தளராமல் வெளியேறிவிடுவான்.

பை எவ்வாறு இதைச் செய்கிறது என்பதற்கு அந்நூலில் ஒரு சொல்கூட இல்லை. பொருள் உள்ளே சுருங்குகிறதா, எடை மட்டும் மறைகிறதா, பை வேறோர் இடத்திற்கு வாயிலாக அமைகிறதா என்பன அங்கு எழாத வினாக்கள். அங்கு அது ஒரு கணக்குச் சலுகை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எடையிலிருந்து இடத்திற்கு

மேசையைச் சுற்றி அமர்ந்தோர் மீனவனைப் போன்றவர்கள். அவர்கள் வினவாமல் விடுவார்களா? பையைக் கிழித்தால் என்னாகும்? தலைகீழாகக் கவிழ்த்தால் என்னாகும்? ஆள் உள்ளே புகலாமா? புகுந்தால் மூச்சு விடலாமா? இவ்வினாக்களுக்கு நடுவர் அங்கங்கே ஏதேனும் விடை சொல்லியாக வேண்டும். 1979இல் கைகாக்ஸ் எழுதி வெளியிட்ட நடுவர் கையேட்டில் கொள்பையின் இலக்கணம் விரிவடைந்திருப்பதைக் காண்கிறோம். பை ஒன்றாக இல்லாமல் நான்கு வகையாயிற்று. அவற்றுள் சிறியது 15 பவுண்டு எடையுடையது. 250 பவுண்டு வரையும் 30 கனஅடி வரையும் கொள்வது. பெரியது 60 பவுண்டு எடையுடையது. 1,500 பவுண்டும் 250 கனஅடியும் கொள்வது. எடைக்கு ஒரு வரம்பு, இடத்துக்கு ஒரு வரம்பு என இரண்டு வேலிகள் அமைந்தன. வரம்பு மீறி அடைத்தாலோ, கூரிய பொருள் உள்ளிருந்து குத்தினாலோ பை கிழிந்து பாழாகும். உள்ளிருந்தவை வெளியே சிதறுவதில்லை. எங்குமில்லாத ஒரு வெறுவெளியின் சுழலில் என்றென்றைக்கும் தொலைந்துபோகும்.

இறுதியாகச் சொன்ன இவ்விதியே பெரிய மாற்றத்தைக் காட்டுகிறது. சாதாரணச் சாக்கு கிழிந்தால் உள்ளிருந்த நெல் தரையில் கொட்டும். கொள்பை கிழிந்தால் பொருள் தொலைகிறது என்றால், அப்பொருள் பையினுள் இருந்ததே இல்லை என்றாகிறது. அது வேறோர் இடத்தில் இருந்தது. பை அவ்விடத்தின் வாயிலாக மட்டும் நின்றது. வாயில் அழிந்தால் வழி அழிகிறது. ஐந்தே ஆண்டுகளில் கொள்பை என்பது எடை குறைக்கும் சாக்கு என்ற நிலையிலிருந்து, இன்னோர் இடத்திற்குத் திறக்கும் கதவு என்ற நிலைக்கு வளர்ந்துவிட்டது. ஒரே ஒரு தடைவிதி இத்தனை பெரிய தத்துவத்தைப் பிறப்பித்தது. கொள்பையின் இலக்கணத்தில் பை எதைச் செய்யும் என்று சொல்லும் வரிகள் சில. எதைச் செய்யாது என்று சொல்லும் வரிகளே பல. பிற்காலப் பதிப்புகளைப் பார்க்குந்தோறும் இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் நான்கு வகைகளும் ஒன்றாகச் சுருங்கின. பையின் வாய் சுமார் 2 அடி குறுக்களவு. ஆழம் 4 அடி. இவ்வளவுகளைக் கொண்டு உருளையாகக் கணக்கிட்டால் வெளிக் கனவளவு ஏறத்தாழ 12.6 கனஅடி. உள்ளே கொள்வதோ 64 கனஅடி. அதாவது ஐந்து மடங்கு. எடை வரம்பு 500 பவுண்டு. பையின் எடை என்றும் 15 பவுண்டே. நிறைந்திருந்தாலும் 15, வெறுமையாயிருந்தாலும் 15. ஒன்றும் சுமக்காதபோதும் ஏறத்தாழ 7 கிலோ எடையைத் தோள் தாங்கியாக வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதில் விதி வகுத்தோர் உறுதியாக இருந்தனர்.

இரு வேலிகளும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சில பொருள்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். ஒரு கனஅடித் தண்ணீர் ஏறத்தாழ 62 பவுண்டு எடையுள்ளது. ஆகவே 8 கனஅடித் தண்ணீரிலேயே 500 பவுண்டு எட்டிவிடும்; பையின் எட்டில் ஏழு பங்கு இடம் வெற்றிடமாகவே நிற்கும். பொன்னோ தண்ணீரைப் போல் 19 மடங்கு கனமுடையது. 500 பவுண்டுப் பொன்னுக்கு அரைக் கனஅடிகூடத் தேவையில்லை. பஞ்சை அடைத்தால் நிலை தலைகீழாகும். எடை எட்டுமுன் இடம் தீர்ந்துவிடும். இதனால் பையில் எதை இடுவது என்பது ஒவ்வொரு முறையும் புதிய கணக்காகிறது. கணித ஆசிரியர்கள் விரும்பினால் எட்டாம் வகுப்புக்கு இதனை நல்ல பயிற்சியாக்கலாம்.

மூச்சுக் கணக்கு இன்னும் சுவையானது. உள்ளே புகுந்த ஓர் உயிர் 10 நிமிடம் மூச்சுவிடலாம். இருவர் புகுந்தால் ஆளுக்கு 5 நிமிடம். எத்தனை பேராயினும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. இஃது இயற்பியலோடு பொருந்துமா? 64 கனஅடி என்பது ஏறத்தாழ 1,800 லிட்டர். அசையாது அமர்ந்திருக்கும் ஒருவர் அந்த அளவுக் காற்றில் 10 நிமிடமென்ன, சில மணி நேரமேனும் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே இவ்விதி அறிவியலுக்காக எழுதப்பட்டதன்று, கதைக்காக எழுதப்பட்டது. கோட்டை வாயிலில் காவலர் வழிமறித்துச் சோதிக்கின்றனர். தோழன் பையினுள் ஒளிந்திருக்கிறான். காவலன் ஒருவன் ஊர்க்கதை பேசத் தொடங்கிவிடுகிறான். பத்து நிமிடம் என்ற எண் இல்லையேல் இக்காட்சியில் நடுக்கமும் இல்லை. பல மணி நேரம் மூச்சுவிடலாம் என்றிருந்தால் காவலன் எவ்வளவு பேசினாலும் நமக்கென்ன?

பையிலிருந்து ஒரு பொருளை எடுப்பதற்கும் விலை உண்டு. போர்க்களத்தில் 6 விநாடி கொண்ட ஒரு சுற்றில் ஒருவர் ஆற்றக்கூடிய முதன்மைச் செயலை அதற்கே செலவிட வேண்டும். வாளை வீசலாம், அல்லது பையில் கைவிட்டு மருந்துக் குப்பியை எடுக்கலாம். ஒரே செயலால் இரண்டையும் முடிக்கவியலாது. முழுவதையும் ஒரேயடியாக வெளிக்கொணர வேண்டுமாயின் பையின் உட்புறத்தை வெளிப்புறமாகப் புரட்ட வேண்டும். அனைத்தும் தரையில் கொட்டிவிடும். தேடும் தொல்லைக்கு மாற்றாக 'ஹேண்டி ஹேவர்சாக்' என்னும் முதுகுப்பை வந்தது. அதனுள் எதை விரும்பிக் கைவிடுகிறோமோ அதுவே மேலே வந்து நிற்கும். ஆனால் அதன் நடு அறை 80 பவுண்டும், பக்க அறைகள் ஒவ்வொன்றும் 20 பவுண்டுமே கொள்ளும். கைக்கு எளிமை கூடினால் கொள்ளளவு குறைகிறது.

பைக்குள் பை

இனி, இவ்விலக்கணத்தின் மிக நுட்பமான இடத்திற்கு வருவோம். கொள்பையைக் கொள்பைக்குள் வைத்தால் என்னாகும்?

தடை ஏதுமில்லை எனக் கொண்டு கணக்கிடுவோம். ஒரு பையின் எடை 15 பவுண்டு, கொள்வது 500. எனவே ஒரு பையினுள் 33 பைகளை அடக்கலாம். அந்த 33இல் ஒவ்வொன்றும் 500 பவுண்டு கொண்டிருந்தால் மொத்தம் 16,500 பவுண்டு. அஃதாவது ஏழு டன்னுக்கு மேற்பட்ட சுமை, தோளில் 15 பவுண்டாகத் தொங்கும். அந்த 33 பைகளுள்ளும் 33 பைகளை வைத்தால் அரண்மனையையே பெயர்த்துச் செல்லலாம். படிப்படியாகப் பெருகும் இத்தொடர்க்கு எல்லையே இல்லை. எல்லையில்லாத பை ஒன்று தோன்றிவிட்டால் எதை எடுப்பது, எதை விடுப்பது என்ற வினா அழிந்துவிடும். அடிபட்ட தோழனுக்கும் பொன் மூட்டைக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையும் அழிந்துவிடும்.

இவ்வாபத்தை 1979ஆம் ஆண்டு நூலே முன்னுணர்ந்திருந்தது. அந்நூலில் 'போர்ட்டபிள் ஹோல்' என்றொரு பொருள் வருகிறது. 'கைக்குழி' என இதனை வழங்கலாம். மடித்து வைத்துக்கொள்ளும் ஒரு துணி. விரித்துத் தரையில் இட்டால் 6 அடி அகலமும் 10 அடி ஆழமும் உடைய குழியாகும். கொள்பையைக் கைக்குழிக்குள் வைத்தால் வெளி கிழிந்து, இரண்டும் வெறுமைக்குள் இழுக்கப்பட்டு என்றைக்குமாகத் தொலையும். கைக்குழியைக் கொள்பைக்குள் வைத்தால் நிலைமை இன்னும் கொடிது. வேற்றுலகுக்கு ஒரு வாயில் திறந்து, சுற்றிலும் 10 அடிக்குள் இருப்போரையும் இழுத்துச் செல்லும். இவ்விரண்டு தண்டனைகளும் ஒன்றாக அமையாமல், எது எதனுள் சென்றது என்பதற்கேற்ப வேறுபட்டிருப்பதை நோக்குக. அகமும் புறமும் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பது இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. பின்வந்த பதிப்பு இத்தடையை விரித்து, மாய வெளியை உடைய எந்தக் கலத்தினுள்ளும் கொள்பையை வைத்தல் ஆகாது என்றது.

எல்லையைக் காப்பதற்கு வெறும் 'கூடாது' என்று எழுதியிருக்கலாம். அவ்வாறு எழுதாமல், செய்தால் என்ன விளையும் என்று எழுதியதே நூலாசிரியரின் திறம். தடை என்பது சட்டமாக நில்லாமல் நிகழ்ச்சியாக மாறிவிட்டது. துரத்திவரும் பகைவனோடு தானும் தொலைந்தாலும் குற்றமில்லை எனத் துணிந்து, பையைக் குழிக்குள் எறியும் வீரனுக்கும் அவ்விதி இடம் தருகிறது. விதியைக் கற்றவன் அதனையே படைக்கலமாக்குகிறான்.

வஞ்சப் பை ஒன்றும் உண்டு. தோற்றத்தில் கொள்பையே போன்றிருக்கும் அதனை 'விழுங்குபை' எனலாம். அது பையே அன்று. வேற்றுவெளியில் வாழும் கொடிய உயிர் ஒன்றின் வாய். உயிர்ப்பொருள் எதனை முழுதும் உள்ளே வைத்தாலும் அது விழுங்கப்படும். கைவிட்டுத் துழாவுபவன் பாதிக்குப் பாதி வாய்ப்பில் உள்ளே இழுக்கப்படுவான். இதனால் கண்டெடுத்த பை எதுவாயினும் முதலில் ஒரு கோலை விட்டுப் பார்ப்பது ஆட்டக்காரரின் வழக்கமாயிற்று.

இவ்வளவு கணக்கும் சலிப்பூட்டுவது என்று கூறி, எடையையே எண்ணாமல் ஆடும் குழுக்களும் உண்டு. அவர்களுக்குக் கொள்பை என்பது கணக்கிலிருந்து விடுபடத் தரும் உரிமைச் சீட்டு. ஓய்வுப் பொழுதில் கூட்டல் கழித்தல் செய்ய எவர்க்குத்தான் விருப்பம்? ஆயினும் எடை எண்ணாத மேசையில் கொள்பைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழையில்லாத ஊரில் குடையைப் பரிசளித்தது போலாகும் அது.

முன்னோர் கண்ட பைகள்

விதி நூலார் எண்களால் சொன்னதைப் பழங்கதையார் நிபந்தனைகளால் சொன்னார்கள். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுதியான மாபினோகியில் ரியானன் என்னும் நங்கை ஒரு பையைத் தருகிறாள். எவ்வளவு உணவை இட்டாலும் அது நிறையாது. உயர்குடித் தலைவன் ஒருவன் இரு கால்களையும் உள்ளே வைத்து மிதித்தால்தான் நிறையும். வஞ்சகன் குவால் மிதிக்க வருகிறான். பையை அவன் தலைக்கு மேல் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கிரேக்கக் காப்பியமான ஒடிசியில் காற்றுகளை அடைத்த தோற்பை வருகிறது. பொன் இருக்குமென எண்ணித் தோழர்கள் அவிழ்க்க, ஊர்க்கரையை நெருங்கிய கப்பல் மீண்டும் அலைக்கழிகிறது. நம் மணிமேகலையின் அமுதசுரபிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆதிரை என்னும் கற்புடையாள் முதல் பிச்சையிட்ட பின்னரே அது அள்ள அள்ளக் குறையாமல் சுரந்தது. முன்னர் அதனை வைத்திருந்த ஆபுத்திரன், பசித்தார் எவரும் இல்லாத தீவில் அதனை வைத்திருந்து பயனில்லை எனக் கோமுகிப் பொய்கையில் விட்டான். கொள்வார் இல்லாத இடத்தில் சுரக்கும் கலம் வீண் என்னும் அக்கருத்து மிக ஆழமானது.

இவற்றுள் மேசை ஆட்டத்தின் கொள்பைக்கு மிக அருகில் நிற்பது, ஆயிரத்தொரு இரவுகளில் இடம்பெறும் ஜூதர் கதையின் சேணப்பை என்பது என் துணிபு. கெய்ரோ நகரத்து மீனவனான ஜூதருக்கு மக்ரிபு நாட்டவர் ஒருவர் தரும் பை அது. கைவிட்டு வேண்டிய உணவின் பெயரைச் சொன்னால், பையின் ஏவலனான ஜின் அதனைக் கொணர்ந்து தருவான். உண்டபின் வெறுந்தட்டுகளைப் பையிலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். எவ்வளவு சிறிய குறிப்பு! ஆயினும் அப்பை எங்கோ உள்ள ஓர் அடுக்களையோடு தொடர்புடையது என்பதை அக்குறிப்பு உணர்த்திவிடுகிறது. பை வாயிலாகிறது என்னும் கருத்து 1979க்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அங்குக் கருக்கொண்டிருந்தது.

ஜூதரின் தமையன்மார் இருவர். சொத்துக்காக அவனைச் சூயஸில் கப்பல் தலைவனிடம் அடிமையாக விற்றுவிட்டுப் பைகளுக்காகத் தம்முள் பூசலிடுகின்றனர். அடுத்த வீட்டிலிருந்தவன் அதனைக் கேட்டு அரசனிடம் சொல்ல, அரசன் பைகளைப் பறித்துக்கொண்டு இருவரையும் சிறையிலிடுகிறான். மாய மோதிரத்தோடு மீண்டுவந்த ஜூதர் அவர்களை மன்னித்தும், இறுதியில் அவர்களாலேயே நஞ்சூட்டப்பட்டு இறக்கிறான். எவ்வளவு உண்டாலும் தீராத பையின் முன் அமர்ந்தும் அண்ணன் தம்பியர் பங்கிட்டு உண்ண இயலவில்லை. எல்லையில்லாத கலம் கிடைத்தால் சண்டை ஓயும் என்று நாம் எண்ணுவோம். ஜூதர் கதை அதனை மறுக்கிறது. பை எல்லையற்றதாயினும் அதன் வாயைப் பிடிக்கும் கை ஒன்றே. கதையின் முடிவில் ஜூதரின் மனைவி மோதிரத்தை உடைத்து, பையையும் கிழித்தெறிகிறாள். இனி எவர்க்கும் அது வேண்டாம் என்பது அவள் தீர்ப்பு.

ஆட்டத்தை நடத்தும் நடுவர் கேட்கும் கேள்விகளுள் ஆட்டக்காரர் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு: உன் பையில் என்ன இருக்கிறது? தாளில் எழுதப்பட்டது மட்டுமே பையில் உள்ளது. எழுதாததை அவசரத்தில் இருப்பதாகச் சொன்னால் நடுவர் ஏற்பதில்லை. இதே கேள்வியைக் கேட்ட காஜி ஒருவரும் ஆயிரத்தொரு இரவுகளில் வருகிறார். உறக்கம் வராத இரவொன்றில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்குப் பாரசீகத்து அலி சொன்ன கதை அது. அலியின் பையைக் குர்து இனத்தவன் ஒருவன் தனதென்று பற்றிக்கொள்ள, வழக்கு காஜியிடம் செல்கிறது. உடையவனுக்கே உள்ளிருப்பது தெரியும் என்ற முறையில் காஜி இருவரையும் வினவுகிறார். ஒருவன் சில பொருள்களைச் சொல்ல, மற்றவன் வீடுகளையும் மந்தைகளையும் சேர்க்க, முன்னவன் நகரங்களையும் படைகளையும் அடுக்க, பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. உலகமே அப்பையில் அடங்கிவிடும் போலாகிறது. திகைத்துப்போன காஜி பையைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே ரொட்டியும் எலுமிச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் ஒலிவக் காய்களும் இருந்தன. அலி அப்பையைக் குர்தியின் முன் எறிந்துவிட்டுத் தன் வழியே போனான்.